அடுத்தவர் திண்ணையில் எடுக்கிற பேர்

தமிழில் பேர் எடுப்போம், பேர் வாங்குவோம், சில நேரம் பேரைக் கெடுத்துக்கொள்வோம். யாரும் பேர் தயாரிப்பதில்லை. எடுப்பது, வாங்குவது என்றாலே கொடுக்க எதிரில் ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம். ‘பெர்சனல் பிராண்டிங்’ பற்றி ஆயிரம் அறிவுரைகள் கிடைக்கிற இந்தக் காலத்தில், விஷயத்தின் பாதி இந்த இரண்டு வினைச்சொற்களுக்குள்ளேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

1997-இல் ‘ஃபாஸ்ட் கம்பெனி’ என்ற அமெரிக்க இதழில் டாம் பீட்டர்ஸ் ஒரு கட்டுரை எழுதினார். கம்பெனிகளுக்கு மட்டும்தான் பிராண்டா, ஒவ்வொருவரும் ‘நான்’ என்கிற கம்பெனியின் தலைவர்தானே என்பது அதன் சாரம். அந்தக் கருத்து தீயாய்ப் பரவியது. பிராண்ட் என்ற சொல்லின் வேரே தீதான். காய்ச்சிய இரும்பால் மாட்டுக்கு வைக்கிற சூட்டுக் குறி. அதற்குப் பிறகு வந்த அறிவுரைகளில் பெரும்பாலானவை குறி வைப்பதைப் பற்றியே பேசின. நல்ல புகைப்படம், ஒரு வரி அறிமுகம், சொந்தமாக ஒரு இணையதளம், அதற்கொரு நிறம். எல்லாம் நம் வீட்டுக்குள் நாமே செய்துகொள்கிற அலங்காரம். ஆனால் இணையத்தில் நிலைத்த பேர்கள் பல வேறு இடத்தில் முளைத்தவை. அடுத்தவர் எழுதியதற்குக் கீழே, யாரோ கேட்ட கேள்விக்குப் பதிலாக, நடந்துகொண்டிருந்த ஒரு பேச்சின் நடுவில்.

இது இணையம் கொண்டுவந்த வழியும் இல்லை. இராமானுஜனின் கதையை எல்லோரும் 1913-இல் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதத்திலிருந்துதான் தொடங்குவார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1911-இல், இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் வாசகர்களுக்கான கேள்விப் பகுதிக்கு அவர் கணக்குகளை அனுப்பத் தொடங்கிவிட்டார். அதில் 289-ஆம் கேள்வி பிரபலமானது. ஒரு வர்க்கமூலம், அதற்குள் இன்னொரு வர்க்கமூலம், அதற்குள் இன்னொன்று என்று முடிவில்லாமல் போகும் ஒரு கோவை. அதன் மதிப்பு என்ன என்று கேட்டிருந்தார். ஆறு மாதம் ஆகியும் யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே எழுதினார்: 3. பிற்காலத்தையும் சேர்த்தால் அந்தப் பகுதியில் அவருடைய கேள்விகள் ஐம்பதுக்கு மேல் வந்தன. தொடங்கியபோது அவருக்கு நிலையான வேலைகூடக் கிடையாது. சொந்தப் பத்திரிகை கிடையாது, பட்டம் கிடையாது. கணக்குத் தெரிந்தவர்கள் ஏற்கெனவே கூடியிருந்த பக்கத்துக்குப் போய், அவர்கள் புரிந்துகொள்ளக்கூடிய ஒன்றை வைத்தார். ‘நான் பெரிய ஆள்’ என்ற வரி அதில் எங்கும் இல்லை. அந்த மூன்றே அதைச் சொல்லிவிட்டது.

சரி, ஏன் அடுத்தவர் இடம்? முதல் காரணம் சாதாரணமானது. ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள். புதிதாக எழுதத் தொடங்குகிறவரின் சொந்தப் பக்கத்துக்கு முதல் மாதம் வருவது அவரும், அவருடைய தம்பியும், தேடுபொறியின் இயந்திரமும்தான். இரண்டாவது காரணம் அவ்வளவு எளிதில் கண்ணில் படாது. 2006-இல் இணையதளப் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன் இணையச் சமூகங்களுக்கு ஒரு தோராயக் கணக்குச் சொன்னார். நூறு பேரில் 90 பேர் படிப்பதோடு சரி, 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், மிச்சமிருக்கும் ஒருவர்தான் பெரும்பாலானதை எழுதுகிறார். விகிதம் இடத்துக்கு இடம் மாறும், போக்கு மாறாது. ஒருவருக்குப் பதில் எழுதுகிறோம் என்று நினைக்கும்போது, வாயே திறக்காத 90 பேர் அதைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். நம் பேரை முடிவு செய்வதும் பெரும்பாலும் அந்த 90 பேர்தான். லைக் போட மாட்டார்கள், நன்றி சொல்ல மாட்டார்கள். ஒரு நாள் எங்கேயோ நம் பேர் அடிபடும்போது, ‘இவரா, இவர் விஷயம் தெரிந்தவர்’ என்று அவர்களுக்குத் தோன்றும். அவ்வளவுதான்.

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்வோம். பழைய தமிழ்ப் புத்தகங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கும் ஒருவர் எழுதுகிறார்: “கோப்பில் ‘கொடி’ என்ற சொல் கண்ணெதிரே இருக்கிறது. தேடினால் இல்லை என்கிறது. பைத்தியம் பிடிக்கிறது.” கீழே ஏழு பதில்கள். மூன்று பேர் ‘எனக்கும் இதே பிரச்சினை’ என்கிறார்கள். ஒருவர் கணினியை அணைத்துப் போடச் சொல்கிறார். ஒருவர் ‘தமிழுக்கு எப்போதும் இப்படித்தான்’ என்று பெருமூச்சு விடுகிறார். ஒருவர் ‘அருமையான பகிர்வு’ என்கிறார். பைத்தியம் பிடிப்பதில் அருமை என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

ஏழாமவர் இப்படி எழுதுகிறார்: “பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்பா? அப்படியானால் ‘கொ’ இரண்டு விதமாகப் பதிவாகியிருக்கலாம். ஒன்று, ககரமும் அதற்குப் பின் ஒரே குறியாக ஒகரக் குறியும். இன்னொன்று, ககரத்துக்குப் பின் ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், தேடுகிற நிரலுக்கு இரண்டும் வேறு. கோப்பு முழுவதையும் என்.எஃப்.சி. வடிவத்துக்கு, அதாவது இரண்டையும் ஒரே குறியாக்கும் யூனிகோடு வடிவத்துக்கு, மாற்றினால் இது சரியாகிவிடும். எனக்கு நான்கு கோப்புகளில் மூன்று சரியாயின. நான்காவதில் சிக்கல் வேறு: ‘கௌரி’ என்பதை யாரோ ‘கெளரி’ என்று ளகரம் போட்டு அடித்திருந்தார்கள். அதை இது திருத்தாது. ‘கெள’ எல்லாவற்றையும் மொத்தமாக ‘கௌ’ என்று மாற்றிவிடலாம் என்றும் கிளம்பாதீர்கள், ‘கெளுத்தி’ மீனும் சேர்ந்து செத்துப்போகும்.”

இந்த ஏழாம் பதிலைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். அதில் ‘நான் பத்து வருடமாகத் தமிழ்க் கணிமையில் இருக்கிறேன்’ என்ற வரி இல்லை, தேவையும்படவில்லை. முதல் வாக்கியமே கேள்வி, அதுவும் நோய்க்கு நேராகக் கை வைக்கிற கேள்வி. அடுத்தது காரணம், அதற்கடுத்தது வழி. அப்புறம் வருகிற ‘நான்கில் மூன்று’தான் எனக்குப் பிடித்த இடம். செய்து பார்க்காதவர் ‘சரியாகிவிடும்’ என்று நிறுத்திக்கொள்வார். கை சுட்டுக்கொண்டவருக்குத்தான் நான்காவது கோப்பு நினைவிருக்கும். கெளுத்தி மீனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அந்தப் பதிலைப் படித்த யாரும் அதை மறக்கப்போவதில்லை.

1973-இல் மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற பொருளாதார அறிஞர் வேலைச் சந்தையைப் பற்றி எழுதியது இங்கே உதவும். வேலைக்கு வருபவரின் திறமை முதலாளியின் கண்ணுக்குத் தெரியாது, அவர் கண்ணில் படுவது அடையாளங்கள்தான். ஓர் அடையாளம் நம்பத் தகுந்ததாக இருக்க வேண்டுமானால், திறமை இல்லாதவர் அதைப் பெறுவது கடினமாக இருக்க வேண்டும். 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஸ்பென்ஸும் ஒருவர். ‘அருமையான பகிர்வு’ என்பதை யாரும் ஒரு நொடியில் எழுதலாம், அதனால் அது எதையும் தெரிவிப்பதில்லை. கெளுத்தியை எழுத, அந்த வலையில் ஒருமுறையாவது மாட்டியிருக்க வேண்டும். சுயவிவரப் பக்கத்தில் ‘வல்லுநர்’ என்று போட்டுக்கொள்ளவும் செலவில்லை. அதைப் படிப்பவரும் அதற்கேற்ற மதிப்பைத்தான் தருவார்.

திரும்பத் திரும்பக் கண்ணில் படுவதற்கும் ஒரு பலன் உண்டு. அடிக்கடி பார்த்தாலே ஒன்றன்மீது பிடிப்பு கூடும் என்று 1968-இல் உளவியலாளர் ராபர்ட் சயன்ஸ் சோதனைகள் மூலம் காட்டினார். ஆனால் இதை மட்டும் நம்பி எல்லா இடத்திலும் தலையைக் காட்டுபவரை நமக்கெல்லாம் தெரியும். பேர் நினைவிருக்கும், சொன்னது ஒன்றும் நினைவிருக்காது.

இதைவிடப் பெரிய பலன் சமூகவியலில் இருந்து வருகிறது. அதே 1973-இல் வெளியான ஓர் ஆய்வில் மார்க் கிரானோவெட்டர், அறிமுகங்கள் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் ஒன்று கேட்டார்: தகவல் சொன்னவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்? அடிக்கடி பார்ப்பவர் என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்பவர் 55.6 சதவீதம், அபூர்வமாகப் பார்ப்பவர் 27.8 சதவீதம். கேட்கப்பட்டவர்கள் ஐம்பத்துச் சொச்சம் பேர்தான், சிறிய கணக்கு. ஆனாலும் காரணம் புரிகிறது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரிந்திருக்கும். புதிய செய்தி அரைகுறைப் பழக்கக்காரரிடமிருந்துதான் வரும். இணையத்தில் பதில் எழுதுவது அப்படிப்பட்ட பழக்கங்களை உண்டாக்குகிற பட்டறை. நேரில் பார்த்தே இராத ஒருவர், நாம் எழுதிய எட்டு வரியை வைத்து, இன்னொருவரிடம் நம் பேரைச் சொல்கிறார்.

இந்த வழி வேலை செய்கிறது என்று தெரிந்தவுடன் அதை என்ன பாடு படுத்தினோம் என்பது தனிக் கதை. கூகுள் தொடங்கிய காலத்தில் அதன் தரவரிசைக்கு அடிப்படை எளிமையானது. ஒரு பக்கத்துக்கு எத்தனை பக்கங்கள் சுட்டி கொடுக்கின்றன, கொடுப்பவை எவ்வளவு முக்கியமானவை என்று பார்ப்பது. பின்னூட்டத்தில் சுட்டி போட முடியும் என்றானதும், ஊரில் உள்ள எல்லாப் பின்னூட்டப் பெட்டியும் விளம்பரச் சுவர் ஆயிற்று. ‘மிகவும் பயனுள்ள பதிவு, என் பக்கத்தையும் பாருங்கள்’ என்று ஆயிரம் இடத்தில் ஒரே வரி. அதை எழுதியது பெரும்பாலும் மனிதர்கூட இல்லை. 2005 ஜனவரியில் கூகுள் ‘நோஃபாலோ’ என்ற குறியைக் கொண்டுவந்தது, யாகூவும் எம்.எஸ்.என்.னும் சேர்ந்துகொண்டன. அந்தக் குறி இருந்த சுட்டிக்குத் தரவரிசையில் மதிப்பில்லாமல் போனது. 2019-இல் பயனர் எழுதியதைக் குறிக்கவென்றே தனிக் குறி வந்தது. குப்பையை வடிகட்டும் நிரல்களும் பெருகின.

சுட்டியின் மதிப்பு போனதில் ஒரு நன்மை இருக்கிறது என்பேன். பதிலுக்கு மிஞ்சியது அதன் உள்ளடக்கம் மட்டும். ஆனாலும் இன்றைக்கும் சிலர் ‘தினமும் இருபது இடத்தில் கருத்துப் போடுங்கள்’ என்று பாடம் நடத்துகிறார்கள். இருபது இடத்தில் சொல்ல ஒருவருக்கு ஒரு நாளில் என்ன இருக்க முடியும்?

பேரை எண்ணாகவே மாற்றிப் பார்த்த இடங்களும் உண்டு. நிரலாளர்களுக்காக 2008-இல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் நல்ல விடைக்கு ஆதரவு ஓட்டு விழுந்தால் 10 புள்ளி. அதன் விதிகளில் இரண்டு எனக்கு எப்போதும் சுவாரசியமாக இருக்கும். புதியவர் வந்ததுமே விடை எழுதலாம், ஆனால் அடுத்தவர் எழுதியதன் கீழே கருத்துச் சொல்ல 50 புள்ளி வேண்டும் என்று விதித்திருந்தார்கள். முதலில் உதவு, அப்புறம் பேசு என்பது மாதிரி. இன்னொன்று, அடுத்தவர் விடைக்கு எதிர் ஓட்டுப் போட்டால் போட்டவர் கணக்கிலிருந்தும் ஒரு புள்ளி கழியும். குறை சொல்லவும் விலை உண்டு. ஸ்பென்ஸ் சொன்னதை விதியாகவே எழுதிவிட்டார்கள்.

அங்கேயும் புள்ளிக்காகவே எழுதுபவர்கள் வந்தார்கள், எளிய கேள்விகளுக்கு ஓடி ஓடி விடை சொல்பவர்கள். பிறகு 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வந்தது. சில நாட்களிலேயே, டிசம்பரில், இயந்திரம் எழுதிய விடைகளுக்கு அந்தத் தளம் தடை போட்டது. அவர்கள் சொன்ன காரணம் முக்கியமானது. அந்த விடைகள் பார்க்கச் சரியாக இருக்கின்றன, நிறையத் தவறாக இருக்கின்றன, உண்டாக்குவதோ மிகச் சுலபம். அதுவரை, நாலு பத்தி கோர்வையாக எழுதினாலே ‘இவர் மெனக்கெட்டிருக்கிறார்’ என்று நினைப்போம். அந்த நினைப்பின் காலம் முடிந்துவிட்டது. கோர்வை இன்று இலவசம். எதையும் எடுத்துச் சொல்லாத, இலக்கணம் பிசகாத, எல்லாருக்கும் நன்றி சொல்கிற பதிலைப் பார்த்தால் பலருக்கு இப்போது சந்தேகம்தான் முதலில் வருகிறது. நான்காவது கோப்பும் கெளுத்தியும் முன்னைவிட இப்போது அதிகம் பேசுகின்றன.

இடத்துக்குச் சொந்தக்காரர் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நானோ தொழில்நுட்பம் பற்றிய ஒரே கட்டுரையைக் கொடுத்து, சிலருக்கு அதன் கீழே மரியாதையான கருத்துகளையும் சிலருக்கு வசவுகளையும் காட்டினார்கள். கட்டுரையில் ஓர் எழுத்து மாறவில்லை. ஆனால் வசவுகளைப் படித்தவர்கள், அந்தத் தொழில்நுட்பத்தின் ஆபத்தைப் பற்றித் தாங்கள் ஏற்கெனவே சாய்ந்திருந்த பக்கமே இன்னும் சாய்ந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ‘பாப்புலர் சயின்ஸ்’ இதழ் கருத்துப் பகுதியையே மூடியது. 2016-இல் அமெரிக்கப் பொது வானொலியான என்.பி.ஆரும் மூடியது. பேச்சு சமூக வலைத்தளங்களுக்குக் குடிபெயர்ந்தது. அங்கேயும் நிலைமை அதேதான். எழுதியவரின் பதிவை நம் பதில் ஏற்றுகிறது அல்லது இறக்குகிறது. ஏற்றுகிறவரின் பேர் அவருக்கு நினைவிருக்கும். இறக்கியவரின் பேரும்தான், கொஞ்சம் அதிகமாகவே.

பேர் என்றால் சொந்தப் பேராகத்தான் இருக்க வேண்டுமா? இல்லை. ஒரே பேராக இருந்தால் போதும். பிட்காயினை உருவாக்கிய சதோஷி நகமோட்டோ யார் என்று இன்றுவரை உறுதியாகத் தெரியாது. 2008-இல் ஒன்பது பக்கக் கட்டுரையோடு வந்தவர், அடுத்த சில வருடங்களில் பிட்காயின் விவாதத் தளத்தில் மட்டும் 500-க்கும் மேற்பட்ட முறை எழுதினார். சந்தேகங்களுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார், 2011-இல் மறைந்துபோனார். முகமே இல்லாத அந்தப் பேர்மேல் கட்டப்பட்ட நம்பிக்கை சாதாரணமானதில்லை. புனைபெயர் தமிழ் எழுத்தாளர்களுக்கும் புதிதில்லை.

புனைபெயருக்குள் வேடம் புகுந்தால்தான் சிக்கல். அமெரிக்க மளிகைக் கடை நிறுவனமான ‘ஹோல் ஃபுட்ஸ்’-இன் தலைவராக இருந்த ஜான் மேக்கி, ‘ரஹோடெப்’ என்ற பேரில் யாகூவின் பங்குச்சந்தை விவாதப் பக்கத்தில் பல வருடம் எழுதிவந்தார். அது மனைவியின் பேரான டெபோராவின் எழுத்துகளை மாற்றிப் போட்ட பேர். சொந்த நிறுவனத்தைப் புகழ்ந்தார், போட்டி நிறுவனமான ‘வைல்ட் ஓட்ஸை’ மட்டம் தட்டினார். பிறகு அதே வைல்ட் ஓட்ஸை வாங்கப் போனபோது, 2007-இல், அரசு ஆவணங்கள் வழியாக எல்லாம் வெளியே வந்தது. ஒருமுறை ரஹோடெப் தன் பதிவில் மேக்கியின் தலைமுடி அழகாயிருக்கிறது என்றுகூட எழுதியிருந்தார். செய்தியைப் படித்த பலருக்கு வணிக விவரங்கள் மறந்துபோயிருக்கும், அந்த முடி மறந்திருக்காது. நமக்கு நாமே கொடுத்துக்கொள்ளும் பேருக்கு வேறென்ன ஆகும்?

சண்டை வந்தால் என்ன செய்வது என்பதற்கு, லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸைவிட நல்ல உதாரணம் தெரியவில்லை. 1991 ஆகஸ்டில், மினிக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பற்றிப் பேசுகிற குழுவில், தான் ஒன்று செய்துகொண்டிருப்பதாக அவர் எழுதினார். பொழுதுபோக்குக்குத்தான், பெரிதாக ஒன்றும் வராது என்ற தொனி. மினிக்ஸில் உங்களுக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்று கேட்டிருந்தார். லினக்ஸின் அறிவிப்பே அடுத்தவர் திண்ணையில் உட்கார்ந்து கேட்ட கேள்விதான். 1992 ஜனவரியில், மினிக்ஸை எழுதிய பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் அதே இடத்தில் ‘லினக்ஸ் வழக்கொழிந்தது’ என்று தலைப்புப் போட்டு எழுதினார். டோர்வால்ட்ஸுக்கு வயது 22. கொதித்துப்போய்க் காரசாரமாகப் பதில் எழுதிவிட்டார். விவாதம் தொடர்ந்தது, நீ என் மாணவனாக இல்லாததற்குச் சந்தோஷப்படு, இந்த வடிவமைப்புக்கு நல்ல மதிப்பெண் கிடைக்காது என்று பேராசிரியரும் கிண்டலடித்தார்.

எனக்கு முக்கியமாகப் படுவது, கொதித்தெழுந்து எழுதிய அந்தப் பதிலுக்கு அடுத்த நாளே டோர்வால்ட்ஸ் போட்ட சிறு குறிப்பு. அளவுக்கு மீறி எழுதிவிட்டேன், மன்னிக்கவும் என்று, எல்லோரும் பார்க்க, அதே இடத்தில். தொழில்நுட்பக் கருத்திலிருந்து அவர் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. தொனிக்கு மட்டும் மன்னிப்பு. இரண்டையும் பிரிக்கத் தெரிவது அபூர்வம். நாம் பொதுவாகத் தலைகீழாகச் செய்வோம். கருத்து தவறு என்று தெரிந்ததும் அதைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டு, தொனியை அடுத்த சண்டைக்குக் கொண்டுபோவோம். நானே ஒருமுறை ஒருவருடைய கணக்கைத் திருத்தப்போய், என் கூட்டல் தவறு என்று பத்து நிமிடத்தில் தெரிந்து, பதிலை அழித்தேன். அவர் அதற்குள் படித்துவிட்டிருந்தார். அழித்ததைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. ‘மேலே நான் சொன்னது தவறு, காரணம் இது’ என்று ஒரு வரி கீழே சேர்த்திருக்கலாம். மற்றபடி, அழிப்பதால் ஒன்றும் அழிவதில்லை. திரைப்பிடி எடுக்க ஒரு நொடி போதும்.

ஒரு நண்பருக்குச் சொல்வதென்றால் இப்படிச் சொல்வேன். பத்து இடம் வேண்டாம், இரண்டு மூன்று போதும். நமக்குத் தெரிந்த விஷயம் பேசப்படுகிற, நமக்கும் கற்றுக்கொள்ள ஏதாவது கிடைக்கிற இடங்கள். முதல் சில வாரம் படிப்பது மட்டும். அங்கே யார் யார், எது பேசித் தீர்ந்தது, எது தீராதது என்று பிடிபட வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே பேர், ஒரே படம். சுட்டி போடுவது, கேட்டவருக்கு அதனால் நேரடி உதவி என்றால் மட்டும். அப்புறம், சொந்தமாக ஒரு பக்கமும் வேண்டும். அது கடை விரிக்க இல்லை, ‘இவர் வேறு என்ன எழுதியிருக்கிறார்’ என்று தேடி வருபவர் வெறும் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பக் கூடாதே என்பதற்காக. அங்கே நாலு நல்ல கட்டுரை இருந்தால் போதும். அந்த நாலும்கூட, எங்கேயோ எழுதிய பதில்கள் நீண்டு வளர்ந்தவையாக இருந்தால் இன்னும் நல்லது.

கொடி தேடியவருக்கு வருவோம். ஏழாம் பதிலுக்குக் கீழே மறுநாள் அவர் எழுதுகிறார்: “எல்லாம் சரியாகிவிட்டது. ஒரே ஒரு கோப்பு மட்டும் இன்னும் தகராறு செய்கிறது. அதில் கொம்பு எழுத்துக்கு முன்னாலேயே வந்து நிற்கிறது, இது வேறு வகையா?” ஏழாமவர்: “அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. ஒரு பத்தியை ஒட்டுங்கள், பார்க்கலாம்.”